ஆசிரியரை வளர்க்காத செவிலியக் கல்வி

(நீண்ட பதிவு. கல்விப்புல நண்பர்களும் மாணவர்களும் பொறுமையுடன் வாசித்து, மறுப்பு இருந்தால் மறுக்கவும் வேண்டுகிறேன்.)

சென்ற மாதம் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. உயர்கல்வி நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த ஒருவர் மேடையில் இவ்வாறு பேசினார்: "நர்சிங் கல்லூரி ஆசிரியர்களுக்கு எத்தனை பயிலரங்கு நடத்தினாலும் பயனில்லை. அவர்களுக்குச் சான்றிதழ்தான் வேண்டும். கற்றுக்கொள்வதில் ஆர்வம் கிடையாது." அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த செவிலியப் பேராசிரியர்கள் சிலரும் சிரித்தனர். தம்மைப் பற்றிய கேலிக்குத் தாமே சிரித்துப் பழகியவர்களின் சிரிப்பு அது. கேள்வி நேரத்தில் நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அன்று தொண்டையில் நின்றுவிட்ட மறுப்பை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் செவிலியத் துறையைச் சேர்ந்த ஆள் இல்லை. மொழியியலில் முதுகலை முடித்து, மருத்துவமனை உரையாடலை முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்துவருகிறேன். கர்நாடகத்தின் செவிலியக் கல்லூரிகளில் கேரளம், மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள் எனப் பல இடங்களிலிருந்தும் வந்த மாணவர்கள் பயில்கின்றனர். ஆசிரியர்களுள் பலர் மலையாளிகள். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். வார்டில் படுத்திருப்பவரோ கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் ஆகியவற்றுள் ஒன்றைப் பேசுகிறார். மொழியியல் மாணவருக்கு இதைவிடச் செழிப்பான களம் வாய்க்காது என்ற தன்னல மகிழ்ச்சியோடுதான் அங்கே நுழைந்தேன். ஓராண்டுக்கு மேல் வகுப்பறையின் கடைசி வரிசையிலும் வார்டின் ஓரத்திலும் குறிப்பேட்டுடன் நின்றபின் அந்த மகிழ்ச்சி கரைந்துவிட்டது. கல்லூரிகளையும் மனிதர்களையும் அடையாளம் காட்டப்போவதில்லை. அந்த உறுதிமொழியின் பேரில்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

ஒரு காலைப்பொழுதை மட்டும் விவரிக்கிறேன்.

பொது மருத்துவ வார்டு. வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்த மூன்றாமாண்டு மாணவி, ஒரு முதிய பெண்மணியிடம் நோய்க்குறிப்பு எடுக்கிறாள். மனப்பாடம் செய்த கன்னடத்தில், "உசிராட்ட தொந்தரெ இதெயா?" என்று கேட்கிறாள். மூச்சுத் தொந்தரவு உண்டா என்பது கேள்வி. மூதாட்டி இல்லையென்று தலையசைக்கிறார். சற்று நேரம் கழித்து, தானாகவே, "மலகிதரெ உசிரு கட்டுத்தெ, ராத்திரியெல்லா கூத்கொண்டே இர்த்தீனி" என்கிறார். படுத்தால் மூச்சடைக்கிறது, இரவெல்லாம் உட்கார்ந்தேதான் இருக்கிறேன் என்று பொருள். மாணவிக்கு 'ராத்திரி' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. தூக்கக் குறைவு என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். வார்டின் நிரந்தரச் செவிலியர் ஒருவர், கன்னடத்தவர், அவ்வழியே வந்தவர் அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கினார். உடனே தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திவிட்டு மருத்துவரை அழைத்தார்.

அன்று பிற்பகல் வகுப்பில் அதே மாணவியை எழுப்பி, ஆர்த்தாப்னியா என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்டார். படுத்த நிலையில் ஏற்பட்டு, எழுந்து அமர்ந்தால் தணியும் மூச்சுத்திணறல் என்று ஒரு சொல்லும் பிசகாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். இதயச் செயலிழப்பின் முக்கிய அறிகுறி என்றும் சேர்த்துச் சொன்னாள். முழு மதிப்பெண்.

இதைக் கேட்டு மாணவியைக் குறைசொல்வோர் இருக்கலாம். அதைவிட எளிது ஆசிரியரைக் குறைசொல்வது. மாலையில் அந்த ஆசிரியரிடம் நான் காலையில் கண்டதைச் சொன்னேன். கேரளத்தவர், நான் அவரை 'டீச்சர்' என்றே அழைப்பேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "காலையில் நானும் அங்கேதான் நின்றேன். அந்த அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கும் தோன்றவில்லை. இதை நான் யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?" என்றார்.

கருத்தரங்கில் கேலி செய்யப்பட்ட ஆர்வமின்மைக்கு என் மறுப்பு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. யாரிடம் போய்க் கற்பது? இன்றைய ஏற்பாட்டில் இதற்கு விடை இல்லை. விடையில்லாத நிலையை ஆசிரியரின் குணக்கேடாக மாற்றிச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

செவிலிய ஆசிரியர் எப்படி உருவாகிறார் என்பதைப் பாருங்கள். நான்காண்டு இளங்கலை, வார்டில் சிறிது காலம், பிறகு முதுகலை. முதுகலையின் முதலாண்டில் செவிலியக் கல்வி என்ற தாள் உண்டு. கற்பித்தல் முறைகள், பாடத்திட்டம் வகுத்தல், மதிப்பீடு ஆகியவற்றை அங்கே படிக்கிறார். சில மாதிரி வகுப்புகளும் எடுக்கிறார். தேர்வெழுதித் தேறியதும் அறுபது பேர் கொண்ட வகுப்பும், வார்டுக்கு அழைத்துச் செல்ல ஒரு குழுவும் அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அன்று முதல் அவருடைய வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, கற்பித்தலைக் கவனித்து, இதை இப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்ல எவரும் இல்லை. நான் கண்ட ஆசிரியர்களுள் பெரும்பாலோருக்குப் பணியில் சேர்ந்த நாள்முதல் தம் வகுப்பைக் கடைசி வரிசையிலிருந்து கவனித்த முதல் ஆள் நான்தான். அதுவும் அவர்களுக்கு உதவ வந்த ஆளில்லை; தரவு திரட்ட வந்த ஆள்.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் எல்லோரும் அறிந்தது. தொடக்கநிலையாளர் படிப்படியாக ஐந்து நிலைகளைக் கடந்து வல்லுநர் ஆவதை அது விளக்குகிறது. நம் ஆசிரியர்கள் இந்த ஐந்து நிலைகளையும் கரும்பலகையில் எழுதி மாணவர்களுக்குச் சொல்லித் தருகின்றனர். அந்தக் கோட்பாட்டைக் கல்லூரி ஒரு முறையேனும் ஆசிரியர்மீது பொருத்திப் பார்த்ததுண்டா? பத்தாண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றித் தேர்ந்தவர் வகுப்பறைக்குள் நுழையும் நாளில் மீண்டும் முதல் நிலையில் நிற்கிறார். நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமையை உணரும் அவரால், தான் எதைக் கண்டு உணர்ந்தேன் என்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்ல முடிவதில்லை. கை அறிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது தனியொரு திறன். அது பயிற்சியால் மட்டுமே வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் செவிலிய ஆசிரியருக்கு வேண்டிய அடிப்படைத் திறன்களை எட்டுப் பிரிவுகளாக வகுத்து வெளியிட்டது. முதியோர் கற்றல் கோட்பாடு, பாடத்திட்டம், செவிலியப் பணி, ஆய்வு, தொடர்பாடல், அறமும் சட்டமும், மதிப்பீடு, தலைமை என அப்பட்டியல் விரிகிறது. இவற்றுள் எதையும் ஒருவர் பிறவியிலேயே கொண்டுவருவதில்லை. அப்படியானால் பணியில் இருக்கும் ஆசிரியருக்கு இவற்றைக் கற்றுத்தர நாம் வைத்திருக்கும் ஏற்பாடு என்ன?

மணி நேரம். அவ்வளவுதான்.

செவிலியர் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி நேரம் தொடர் செவிலியக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. ஆண்டுக்கு 30 மணி நேரம். ஒரு முழு வேலை வாரத்துக்கும் குறைவு. நெறியின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அது வார்டுச் செவிலியரை மனத்தில் வைத்து எழுந்த நெறி. ஆசிரியரும் அதே கணக்கில்தான் மணிகளைச் சேர்க்கிறார். காலை குத்துவிளக்கு, பிறகு விருந்தினர் உரை, உணவு இடைவேளை, பிற்பகலில் இன்னோர் உரை, மாலை சான்றிதழும் குழுப்படமும். காயப் பராமரிப்பின் புதிய முறைகள் பற்றி 300 பேர் அமர்ந்து கேட்ட ஒரு நாள், கற்பித்தலில் ஓர் ஆசிரியரின் எந்த இடறலைத் தீர்த்தது என்று எவரும் கேட்பதில்லை. இருக்கையில் அமர்ந்திருந்த நேரத்தை அளக்கிறோம். ஆய்வுக்கு வருவோரிடம் சான்றிதழ்க் கோப்பைக் காட்டுகிறோம். பின்பு, அவர்களுக்குச் சான்றிதழ்தான் வேண்டும் என்று சிரிக்கிறோம். சான்றிதழை மட்டுமே எண்ணும் முறையை அமைத்தவர் யார்?

ஒப்பீட்டுக்கு அண்டை வீட்டைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019-இல் திறன் அடிப்படைக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்பே மருத்துவக் கல்லூரிதோறும் மருத்துவக் கல்விப் பிரிவு இருந்தாக வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. மண்டலப் பயிற்சி மையங்கள் இயங்கின. புதிய பாடத்திட்டத்தைச் செயற்படுத்துவதற்கென்றே ஆசிரியர்களுக்கு நாடு தழுவிய பயிற்சித் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1970-களிலேயே தொடங்கிவிட்டது. மருத்துவர் நல்ல ஆசிரியராவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே நாம் ஒப்புக்கொண்டோம்.

நம் கலை, அறிவியல் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை உருவாக்கியது. அவை பெயர் மாறி மாறி இன்று மாளவியா பெயரில் இயங்குகின்றன. அவற்றின் தரத்தைப் பற்றி நமக்கெல்லாம் ஆயிரம் புகார்கள் உண்டு, எனக்கும் உண்டு. ஆயினும் புத்தொளிப் பயிற்சிக்குச் செல்ல ஆசிரியருக்கு விடுப்பு உண்டு. பதவி உயர்வில் அது எண்ணப்படுகிறது. சுயநிதிச் செவிலியக் கல்லூரியில் பணியாற்றும் டியூட்டருக்கு இவ்விரண்டும் எட்டாக்கனி.

செவிலியத்திலும் பாடத்திட்டம் மாறியது. 2021-இல் அரசிதழில் வந்த புதிய பி.எஸ்ஸி. பாடத்திட்டம் பருவமுறை, மதிப்பலகு, திறன் அடிப்படை, சிமுலேஷன் எனப் பலவற்றைக் கொண்டுவந்தது. ஆஸ்கி தேர்வு, அதாவது மாணவர் நிலையம் நிலையமாக நகர்ந்து ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டும் தேர்வு, இப்போது மதிப்பீட்டின் பகுதி. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் 1975-இல் அறிமுகம் செய்த அம்முறை சிறந்ததுதான். ஆனால் ஒரு நிலையத்துக்குச் சரியான பணியைத் தேர்வது, மதிப்பெண் பட்டியலை வகுப்பது, இரு தேர்வாளர் ஒரே அளவுகோலில் மதிப்பிடுவது ஆகியவை பழகிப் பெற வேண்டிய வேலைகள். நான் கண்ட ஒரு கல்லூரியில் பழைய செய்முறைத் தேர்வின் கேள்விகளையே ஐந்து மேசைகளில் பிரித்து வைத்து ஆஸ்கி என்று பெயரிட்டிருந்தனர். அந்த ஆசிரியர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் கைக்கு வந்தது சுற்றறிக்கை மட்டுமே.

இனி மொழிக்கு வருகிறேன். என் துறை சார்ந்த வழக்கு இதுதான். புதிய பாடத்திட்டத்தின் முதல் பருவத்திலேயே தொடர்பாடல் ஆங்கிலம் என்ற தாள் இருக்கிறது. நோயாளியின் மொழிக்கு அப்படியொரு தாள் இல்லை. எம்.பி.பி.எஸ். மாணவருக்கேனும் 2019 முதல் அடித்தளப் பயிற்சியில் வட்டார மொழி வகுப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. நோயாளியின் அருகில் மருத்துவரைவிட அதிக நேரம் நிற்கும் செவிலியருக்கு அதுகூடக் கிடையாது.

கன்னடத்தில் 'சுஸ்து' என்றொரு சொல் உண்டு. வார்டில் நாள்தோறும் காதில் விழுவது. அது களைப்பாக இருக்கலாம். உடல் வலுவிழப்பாக இருக்கலாம். கண் இருட்டிக்கொண்டு வருவதாகவும் இருக்கலாம். நம் தமிழில் 'மயக்கம்' எப்படித் தலைச்சுற்றலையும் நினைவிழப்பையும் ஒருசேரச் சுமக்கிறதோ அதுபோல. "எப்போதிலிருந்து சுஸ்து? நிற்கும்போதா, நடக்கும்போதா? கண் இருட்டியதா? உட்கார்ந்தால் சரியாகிறதா?" என்று தொடர்ந்து வினவத் தெரிந்தால் அச்சொல் திறந்துகொள்ளும். தெரியாவிட்டால், 'பலவீனம்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லாகக் கேஸ் ஷீட்டில் உறைந்துவிடும். இந்த வினவலைக் கற்பிப்பது செவிலிய ஆசிரியரின் மையப்பணி. அதைச் செய்ய அவருக்கு நோயாளியின் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்; அம்மொழியின் சொல்லுக்கும் பாடநூலின் கலைச்சொல்லுக்கும் இடையே பாலம் கட்டும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் மேம்பாட்டுப் பயிலரங்குகளின் அழைப்பிதழ்கள் பலவற்றைச் சேகரித்து வைத்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரை எழுதுதல், புள்ளியியல் மென்பொருள், தர அங்கீகாரக் கோப்புத் தயாரிப்பு, சிமுலேஷன் எனத் தலைப்புகள் நீள்கின்றன. நோயாளியின் பேச்சை மாணவருக்குக் கற்பிப்பது எப்படி என்ற தலைப்பு அவற்றுள் ஒன்றிலும் இல்லை.

இன்னொரு தேவை, வார்டு. இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் கல்லூரி ஆசிரியரும் மருத்துவமனைச் செவிலியரும் இரு வேறு ஊழியர்கள். ஆசிரியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வார்டுக்கு விருந்தாளிபோல் வருகிறார். மருந்து வண்டியைத் தொட அவருக்கு உரிமையில்லை. பத்தாண்டு இப்படிக் கழிந்தால், புதிய உட்செலுத்து பம்பை இயக்கத் தெரியாத ஆசிரியரும், அதைத் தினமும் இயக்கினாலும் கற்பிக்கும் பொறுப்பு இல்லாத செவிலியரும் ஒரே கட்டிலின் இருபுறமும் நிற்பர். தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பிப்போரே நோயாளிப் பராமரிப்பிலும் பொறுப்பேற்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. அவ்விரு இடங்களில் ஒன்றில் வேரூன்றிய முறை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் நாடெங்கும் பொது விதியாகாமல் போனது ஏன் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்நிலையில்தான் விரிவாக்கம் வருகிறது. 2014-க்குப் பின் தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களில் 157 புதிய செவிலியக் கல்லூரிகள் அமைக்க 2023-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 1,570 கோடி ரூபாய். ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,700 பட்டதாரிகள் கூடுதலாக வெளிவருவர் என்றது அறிவிப்பு. வரவேற்கத்தக்கதே. ஆனால் கணக்கைச் சற்று நீட்டுங்கள். நான்காண்டுப் படிப்பென்பதால் எல்லா ஆண்டுகளும் நிரம்பும்போது 62,800 மாணவர்கள் இருப்பர். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கவுன்சில் விகிதப்படி 6,280 ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் வானத்திலிருந்து குதிக்கப்போவதில்லை. இப்போதுள்ள கல்லூரிகளிலிருந்து நகர்ந்து வருவர். அல்லது நேற்று முதுகலை முடித்தவராக இருப்பர். முன்னது பழைய கல்லூரியில் ஓட்டை விழச்செய்யும். பின்னது பயிற்சியில்லாதவரை வகுப்பில் நிறுத்தும்.

ஆசிரியரே இல்லாத கல்லூரிகளும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் செவிலியக் கல்லூரிகளின் அங்கீகாரம் குறித்த வழக்கில் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2024-இல், சாதகமான ஆய்வறிக்கை தரக் கையூட்டு வாங்கியதாக அவ்விசாரணையில் ஈடுபட்ட சிபிஐ அதிகாரிகளே கைதாயினர். கல்லூரி காகிதத்தில் நடக்கும் நாட்டில் ஆசிரியர் மேம்பாடும் காகிதத்தில் நடப்பது வியப்பில்லை.

இப்போது அந்த 'ஆர்வமின்மை'. நான் பின்தொடர்ந்த ஓர் ஆசிரியரின் நாள் இது: காலை ஏழரைக்கு மாணவர் பேருந்தில் ஏற வேண்டும். ஒரு மணி வரை வார்டு. பிற்பகல் இரண்டு வகுப்புகள். பின்னர் மாணவர்களின் நோயாளிப் பராமரிப்புப் பதிவேடுகள் திருத்துதல்; ஒரு குழுவுக்கு இருபது பதிவேடுகள். வாரத்தில் இரு இரவு விடுதிப் பொறுப்பு. ஆய்வுக்குழு வரும் மாதத்தில் கோப்பு வேலை. சேர்க்கைக் காலத்தில் மாணவர்களின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து இடம் நிரப்பும் வேலையும் அவர் தலையில். அவர் கையெழுத்திடும் சம்பளம் வேறு, கையில் வாங்கும் சம்பளம் வேறு என்பதை அவரே சொன்னார். பயிலரங்குக் கட்டணமும் பயணச் செலவும் அவர் பணம். அந்த நாள் அவருடைய தற்செயல் விடுப்பு. இப்படியொரு நாளில் வாழ்பவர் பயிலரங்கில் கண்ணயர்ந்தால் அதற்கு ஆர்வமின்மை என்று பெயரிடுவது நேர்மையா?

எதிர்வாதங்களையும் நேரே சந்திக்கிறேன். நல்ல முயற்சிகளே இல்லையா என்றால், உண்டு. 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பேறுகாலப் பணி வழிகாட்டுதலின் கீழ், தேர்ந்த பயிற்றுநர்களை முதலில் உருவாக்கி, பிறகே மாணவர்களைச் சேர்க்கும் முறை தொடங்கியது. ஆசிரியரை முதலில் வைக்கும் அந்த வரிசைமுறைதான் சரி. அது ஒரு சிறப்புப் பிரிவோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம். பணம் எங்கே என்போருக்கு ஒரு மறுமொழி: நான் கேட்பவற்றுள் விலையுயர்ந்த பொம்மை நோயாளி ஒன்றுகூட இல்லை. வகுப்பறைக் கண்காணிப்புக்கு வேண்டியது சக ஆசிரியரின் ஒரு மணி நேரம். மொழியியல் ஆளுக்கு இதில் என்ன வேலை என்போருக்கு இன்னொன்று: கற்பித்தல் பெருமளவு பேச்சால் நிகழ்கிறது, நோய் முதலில் பேச்சில்தான் வெளிப்படுகிறது. அந்த அளவுக்கு எனக்கு வேலை இருக்கிறது.

என் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: ஆசிரியர் மேம்பாட்டைப் பொதுவான 150 மணி நேரக் கணக்கிலிருந்து பிரித்துத் தனி விதியாக்க வேண்டும். புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் ஈராண்டும் மூத்த ஆசிரியர் ஒருவர் துணைநின்று, பருவத்துக்குச் சில வகுப்புகளையேனும் கூடவே அமர்ந்து கவனித்து, பின்பு இருவரும் பேச வேண்டும். மூத்தவரின் வகுப்பை இளையவரும் கவனிக்க வேண்டும்.

இரண்டு: ஆண்டுக்குச் சில வாரங்கள் ஆசிரியர் சம்பளத்துடன், முழுப் பொறுப்புள்ள செவிலியராக வார்டில் பணியாற்ற வேண்டும். அதே காலத்தில் வார்டின் மூத்த செவிலியர் வகுப்பறைக்கு வரட்டும். அன்று மூதாட்டியின் வாக்கியத்தைக் காதில் வாங்கியவர் அவர்தாம் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று: நோயாளியின் மொழியைக் கற்பித்தல் என்பதை ஆசிரியர் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் வார்டில் கேட்கும் நோய்ச்சொற்களைத் தொகுத்து, ஆண்டுதோறும் திருத்தி, பாடத்தோடு இணைக்கட்டும்.

நான்கு: மதிப்பீட்டில் சான்றிதழ்களை எண்ணுவதை நிறுத்தி, வகுப்பையும் வார்டுக் கற்பித்தலையும் நேரில் பார்க்க வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியம், பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிடுவதற்கென்றே அதில் தனி வாரியம் உண்டு. பழைய படிவங்களைப் புதிய முகவரிக்கு மாற்றி அனுப்புவதோடு அது முடிந்துவிடலாகாது.

இறுதியாக, இதை வாசிக்கும் என் துறை நண்பர்களிடம். கருத்தரங்கில் சிரித்த அந்த நிர்வாகியைவிட நாம் உயர்ந்தவர்கள் இல்லை. வட்டார வழக்குகளைத் தேடி மலையேறுகிறோம். அழியும் மொழிகளுக்காக நிதி கேட்கிறோம். இரண்டும் தேவைதாம். ஆனால் நம் துறைக் கட்டடத்திலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தத் தொலைவில் உள்ள மருத்துவமனையில் ஒரு மூதாட்டியின் வாக்கியம் தூக்கக் குறைவாக எழுதப்படும்போது நாம் அங்கே இல்லை. நானும் அன்று குறிப்பேட்டில் அவ்வாக்கியத்தை ஒலிபெயர்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்குக் கன்னடம் தெரியும், பொருளும் புரிந்தது, ஆனால் அது அறிகுறி என்று தெரியவில்லை. டீச்சருக்கு அறிகுறி தெரியும். வாக்கியம் முழுதாகப் பிடிபடவில்லை. இருவருக்கும் நடுவில் அந்த அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்திலிருந்து டீச்சரும் நானும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் சந்திக்கிறோம். அவருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு அது. வார்டில் கேட்ட சொற்களை நான் கொண்டுபோகிறேன். ஒவ்வொன்றையும் கேட்டதும் ஒரு செவிலியர் அடுத்து என்ன வினவ வேண்டும் என்பதை அவர் எழுதுகிறார். சந்தேகம் வந்தால் அன்றைய கன்னடச் செவிலியரைத் தொலைபேசியில் அழைக்கிறோம். ஒரு நோட்டு நிரம்பி இரண்டாவது தொடங்கிவிட்டது. முதல் பக்கத்தில் இருப்பது "மலகிதரெ உசிரு கட்டுத்தெ". சென்ற பருவத்தில் அவர் அதை வகுப்பில் கற்பித்தார். இதற்குச் சான்றிதழ் இல்லை. 150 மணி நேரத்தில் ஒரு நிமிடமும் இதனால் கூடாது. கற்றுக்கொள்வதில் ஆர்வமில்லாதவர் என்று அரங்கம் சிரித்தது இவரைப் பார்த்துத்தான்.

உங்கள் ஊரில், உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அருகில் ஒரு செவிலியக் கல்லூரி இருக்கும். அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் பேசிப்பார்த்துவிட்டு, என் வாதத்தில் பிழை இருந்தால் எழுதுங்கள். அங்கே பணியாற்றுவோர் இதை வாசித்தால், உங்களுக்கு முதலில் வேண்டியது எது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். இந்த விவாதத்தில் இதுவரை பேசாதவர்கள் நீங்கள்தாம்.